ஒபாமா முகம் வச்சு தச்ச க்வில்ட் - இத ஷோவுல வைக்கக் கூடாதுன்னு சொல்றாங்க, உங்க கருத்து?

நூல்கண்டு_ஒஹாயோ:

எல்லாருக்கும் வணக்கம். இத தையல் பகுதில போடுறதா அரசியல் பகுதில போடுறதான்னு குழப்பமா இருந்துச்சு, கடைசில இங்கயே போட்டுட்டேன், இடம் சரியில்லன்னா அட்மின் மாத்திவிடுங்க.

நான் ஒஹாயோல இருக்கேன். இங்க லைப்ரரில மாசாமாசம் கூடுற ஒரு க்வில்ட் (துண்டுத் துணிய ஒட்டுப்போட்டு தைக்கிற போர்வை) குரூப்புக்கு போய்ட்டிருக்கேன். பெரும்பாலும் ரிட்டயர்ட் ஆன பாட்டிங்க, நல்லா பழகுவாங்க, நம்ம சுங்குடி புடவைத் துண்டு எடுத்துட்டு போனா ஆளாளுக்கு தடவி பாத்துட்டு குடுக்கவே மாட்டாங்க. அதுல ஒரு கருப்பின அம்மா, எழுபதத் தாண்டினவங்க, 2009-ல தச்ச க்வில்ட் ஒண்ண போன கூட்டத்துக்கு கொண்டாந்து விரிச்சாங்க. நடுவுல ஒபாமா முகம். சுத்தி சின்னச் சின்ன கட்டத்துல அவங்க குடும்பத்து ஆளுங்களோட பழைய போட்டோ, துணிலயே பிரிண்ட் எடுத்து தச்சிருக்காங்க. ஓரம் பூரா கிழக்கு ஆப்பிரிக்கா கங்கா துணி. கிட்டப் போய் பாத்தா முகத்துல ஒரு துண்டு கூட தோல் கலர்ல இல்ல. கத்திரிப்பூ கலர், அரக்கு, காப்பிப்பொடி, தாடைக்கு கீழ ஒரு இடத்துல பாசிப்பச்சை. நாலடி தள்ளி நின்னா அச்சு அசல் அவரேதான். எனக்கு பேச்சே வரல.

இத ஸ்ப்ரிங் ஷோவுக்கு வைக்கலாம்னு நான்தான் சொன்னேன். கமிட்டில ஒருத்தங்க உடனே "அரசியல் க்வில்ட் வேணாம், க்வில்ட்டுக்கும் அரசியலுக்கும் எந்தக் காலத்துலயும் சம்பந்தம் இல்ல, அதக் கெடுக்க வேணாம்"னுட்டாங்க. அந்தம்மா ஒரு வார்த்த பேசாம மடிச்சு தலையணை உறைக்குள்ள போட்டு எடுத்துட்டு கிளம்பிட்டாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அடுத்த கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன், ஆனா கைல விஷயம் இல்லாம போய் நின்னா சரியா வராது. நெஜமாவே இதுக்கு முன்னாடி தலைவர்கள வச்சு க்வில்ட் தைக்கிற வழக்கம் உண்டா இல்ல ஒபாமாவுக்குத்தான் ஆரம்பிச்சுதா? வீட்டுக்காரர் என்னடான்னா "நம்ம ஊர் கட்அவுட் கலாச்சாரம் அங்கயும் வந்துருச்சு, இதுக்கு போய் சண்டையா"ங்குறார். அப்புறம் முகம் எப்படி தைக்கிறாங்கன்னும் யாராவது விவரமா சொல்லுங்களேன், எனக்கு நேர்க்கட்டம் தவிர ஒண்ணும் வராது.

சித்ரா_சான்ஹோசே:

துணிக்கும் அரசியலுக்கும் சம்பந்தம் இல்லையாமா 😄 கரைவேட்டி ஊர்ல பொறந்தவங்க கிட்ட வந்து சொல்லச் சொல்லுங்க.

பழையபெட்டி:

நூல்கண்டு, உங்க கமிட்டி அம்மா சொன்னது சரித்திரப்படி நிக்கவே நிக்காது, அதுவும் ஒஹாயோல இருந்துக்கிட்டு அத சொல்றது தான் வேடிக்க. சொல்றேன் கேளுங்க.

1840-ல வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஜனாதிபதி தேர்தல்ல நின்னப்போ, அவரும் உங்க ஒஹாயோக்காரர்தான், மரக்குடிசை படம் போட்டு துணியே அச்சடிச்சு வித்தாங்க, பொம்பளைங்க அத வாங்கி க்வில்ட்ல வச்சு தச்சாங்க. 1888-ல ஜனாதிபதி க்ளீவ்லண்ட் கூட துணை ஜனாதிபதிக்கு நின்ன ஆலன் தர்மன், அவரும் ஒஹாயோ. மனுஷனுக்கு பொடி போடுற பழக்கம், கைல எப்பவும் ஒரு செவப்பு கைக்குட்டை. அதையே தேர்தல் சின்னம் கணக்கா ஆக்கி, தலைவர்கள் படம் போட்ட செவப்பு பண்டானாவா அச்சடிச்சு தள்ளினாங்க. தேர்தல் தோத்துப் போச்சு, கைக்குட்டைங்க க்வில்ட்டுக்குள்ள போயி இன்னிக்கு மியூசியத்துல இருக்கு. கட்சி ரிப்பன், பட்டுத்துணில தலைவர் படம் அச்சடிச்ச பேட்ஜ் இதெல்லாம் கூட விடல, எல்லாத்தையும் தச்சிருக்காங்க.

க்வில்ட்ல தைக்கிற கட்ட டிசைனோட பேரையே எடுத்துக்கோங்க. உங்க குரூப்புல கண்டிப்பா யாராவது க்ளேஸ் சாய்ஸ் தச்சிருப்பாங்க, அது ஹென்றி க்ளேங்குற அரசியல்வாதி பேரு. லிங்கன்ஸ் ப்ளாட்ஃபார்ம்னு ஒரு கட்டம். விக் ரோஸ், அது அந்தக் காலத்து விக் கட்சி. ஃபிஃப்டி ஃபோர் ஃபார்ட்டி ஆர் ஃபைட், அது 1840கள்ல ஓரிகன் எல்லைத் தகராறுல போட்ட கோஷம் அப்படியே. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதையா பேசுங்க, இந்தப் பேருல பலது பிற்பாடு பத்திரிகைக்காரங்களும் பேட்டர்ன் வித்த கம்பெனிங்களும் பரப்பினது, அதனால எல்லாமே அந்தக் காலத்துப் பாட்டி வச்ச பேருன்னு அடிச்சு விட்டா யாராவது மடக்கிடுவாங்க. ஆனா துணி பொய் சொல்லாது, பண்டானாவும் ரிப்பனும் க்வில்ட்ல இருக்கே.

இதுல கவனிக்க வேண்டியது, அமெரிக்கால பெண்களுக்கு நாடு பூரா ஓட்டுரிமை வந்தது 1920-ல. ஹாரிசன் துணிய தச்சவளுக்கு ஹாரிசனுக்கு ஓட்டுப் போட வழி கிடையாது. ஆம்பளைங்க மேடைல பேசுனாங்க, இவ தன் கட்சிய போர்வைல தச்சு கட்டில்ல விரிச்சா, அதத்தான் அவ செய்ய முடிஞ்சது.

இன்னொண்ணு, உங்களுக்கு பக்கத்துலயே இருக்கு. கென்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டி மியூசியத்துல எலிசபெத் கெக்லி தச்சதா சொல்ற ஒரு க்வில்ட் இருக்கு. கெக்லி அடிமையா பொறந்தவங்க, தையல் வேல செஞ்சே 1855-ல தன்னையும் தன் மகனையும் வெல குடுத்து மீட்டுக்கிட்டவங்க, அப்புறம் லிங்கன் மனைவிக்கே கவுன் தைக்கிற ஆளா வெள்ளை மாளிகைக்குள்ள போனவங்க. லிங்கன் மனைவியோட கவுன்ல மிச்சமான பட்டுத் துண்டுகள்ல தச்சதுன்னு சொல்வாங்க, நடுவுல கழுகும் 'லிபர்ட்டி'ங்குற எழுத்தும். இதுல அரசியல் இல்லன்னா வேற எதுல இருக்கு?

காரைக்குடி_ராம்:

நூல்கண்டு வீட்டுக்காரர் சொன்னதுல என்ன தப்புன்னு எனக்கு புரியல. பழையபெட்டி சார் சொன்ன லிஸ்ட் எல்லாமே அவர் வாழ்க இவர் வாழ்க ரகம்தானே. பால் ஊத்தறதுக்கு பதிலா ஊசில குத்துறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒபாமா பதவில இருந்தப்போ ட்ரோன்ல எத்தன பேரு செத்தாங்க, எத்தன லட்சம் பேர நாடு கடத்துனாங்க, அத யாராச்சும் க்வில்ட்ல தச்சாங்களா? தலைவர் முகத்த அழகா தச்சு மாட்டுறது கலை, கேள்வி கேட்டா மட்டும் அது அரசியல். கமிட்டி சொன்னது ஞாயம்னே எனக்கு தோணுது, நாளைக்கு ஒருத்தர் ட்ரம்ப் முகம் தச்சு எடுத்துட்டு வருவார், அப்ப என்ன பண்ணுவீங்க.

அட்லாண்டா_அண்ணாச்சி:

ராம் தம்பி, கட்அவுட்டோட இத முடிச்சுப் போடாதீங்க. கட்அவுட் கட்சிக்காரன் காசுல வைக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு அடுத்தவர் தல ஏறிடும். இது தச்சவங்க வீட்டுக்குள்ள கெடக்குற சாமான். யாரு எதுக்கு தச்சாங்கன்னு தெரியணும்னா அலபாமா பக்கம் ஒரு நட போய்ட்டு வரணும். நான் ஜார்ஜியாவுல இருக்கேன், கார்ல போயி பாத்துட்டு வந்த ஊரத்தான் சொல்லுதேன்.

ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, மூணு பக்கமும் அலபாமா ஆறு வளச்சுக் கெடக்கும். பருத்தித் தோட்டத்துல அடிமையா இருந்தவங்களோட பேரன் பேத்திங்க தான் பூரா ஜனமும், பாதிப் பேருக்கு தோட்ட முதலாளி பேரே குடும்பப் பேரு, பெட்வேன்னு. அந்த ஊர்ப் பொம்பளைங்க கிழிஞ்ச வேலைக்குப் போற ஜீன்ஸ், மாவு மூட்டச் சாக்கு எதையும் விடாம குளிருக்கு போர்வை தைப்பாங்க. 1965 பிப்ரவரில மார்ட்டின் லூதர் கிங் மழையோட மழையா அங்க வந்து சர்ச்சுல பேசினாரு. நீங்களும் மனுசங்கதான், உங்களுக்கும் மதிப்பு உண்டுன்னு சொல்லத்தான் வந்தேன்னு பேசினாரு. அப்ப அந்த வில்காக்ஸ் கவுண்டில கருப்பின மக்கள் தான் மெஜாரிட்டி, வோட்டர் லிஸ்ட்ல ஒரு பேரு கெடையாது. பேரு பதிய ஆத்தத் தாண்டி கேம்டனுக்கு போவணும். கிங் வர்றதுக்கு முன்னாடியே போவ ஆரம்பிச்சாங்க, 1962-லயே ஃபெர்ரிய நிப்பாட்டிட்டாங்க. படகுல போனா கால் மணி நேரத்துல போற ஊருக்கு ரோட்டு வழியா 40 மைல் சுத்தணும். மறுபடி ஃபெர்ரி ஓடுனது எப்பத் தெரியுமா, 2006-ல! நாப்பத்து நாலு வருசம்.

ஓட்டுக்குப் பேரு குடுத்தான்னு குத்தகை நெலத்துலேர்ந்தும் வீட்டுலேர்ந்தும் தொரத்தி விட்டாங்க. அப்பத்தான் 1966-ல அங்க இருக்குற பொம்பளைங்க ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சு, க்வில்ட் தச்சு நியூயார்க்குக்கு அனுப்பி ஏலம் விட்டு சம்பாதிச்சாங்க. ஃப்ரான்சிஸ் வால்டர்னு ஒரு பாதிரியார் ஒத்தாசை பண்ணாரு. 1972-ல சியர்ஸ் கம்பெனிக்கு கார்டுராய் தலகாணி உறை தைக்கிற ஆர்டர் கெடச்சுச்சு, அதுல மிஞ்சின வெட்டுத்துணி எல்லாம் வீட்டுக்கு போயி பச்சையும் தங்கக் கலருமா க்வில்ட்டா ஆச்சு. 2002-ல அதே ஊரு க்வில்ட்டுங்க நியூயார்க் விட்னி மியூசியத்துல தொங்குச்சு. 2006-ல தபால்தல போட்டாங்க. 1968-ல கிங் ஐயாவோட சவப்பொட்டிய இங்க அட்லாண்டாவுல வண்டில வச்சு இழுத்துப் போன கோவேறு கழுதைங்களும் ஜீஸ் பெண்ட்லேர்ந்து வந்ததுதான்னு சொல்வாங்க.

இப்ப 2008-க்கு வாங்க. அந்தப் பெண்கள்ல ஓட்டுக்கு பேரு பதியப் போயி வீட்ட இழந்தவங்க, ஊர்வலம் போயி ஜெயில்ல இருந்தவங்க உசுரோட இருக்காங்க. அவங்க ஓட்டுப் போட்டு ஒரு கருப்பர் ஜனாதிபதி ஆனார். அவங்க தைக்கிற போர்வைல அவர் முகம் வந்தா அது அவருக்கு போட்ட மாலையா, இல்ல தாங்க பட்ட பாட்டோட ரசீதா? நூல்கண்டு தங்கச்சி, உங்க அந்தம்மா சுத்தி வச்சிருக்கது அவங்க குடும்பப் போட்டோன்னு சொல்லுதீங்களே, அதுலயே பதில் இருக்கு. யாரு யாரு போட்டோன்னு கேட்டீங்களா?

பழையபெட்டி:

அண்ணாச்சி சொன்னதோட ஒரு ஒட்டு. 2018-ல மிஷெல் ஒபாமாவோட உருவப்படத்த நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரில திறந்தாங்க இல்லையா, ஏமி ஷெரால்ட் வரைஞ்சது, அந்தப் பெரிய வெள்ளை கவுன்ல கட்டம் கட்டமா டிசைன் இருக்கும். ஓவியரே அன்னிக்கு சொன்னாங்க, அந்த டிசைன் ஜீஸ் பெண்ட் க்வில்ட்ட ஞாபகப்படுத்துதுன்னு. போர்வைல தலைவர் போனது போக, தலைவர் குடும்பத்து படத்துக்குள்ள போர்வை வந்துருச்சு.

ராம், ட்ரோன் க்வில்ட் யாராச்சும் தச்சாங்களான்னு கேட்டீங்க. தச்சாங்க. ஒபாமா பதவில இருக்கும்போதே. ட்ரோன் தாக்குதல்ல செத்தவங்க பேரு ஒரு துண்டுக்கு ஒரு பேரா எழுதி, எம்ப்ராய்டரி பண்ணி, பல ஊர்லேர்ந்து வந்தத சேத்து தச்சு, போர எதிர்க்கிற ஆளுங்க ஊர் ஊரா கொண்டு போயி மாட்டினாங்க. ட்ரோன்ஸ் க்வில்ட் ப்ராஜெக்ட்னே பேரு.

வாழ்க கோஷம் மட்டும்தானாங்குறதுக்கு இன்னொரு க்வில்ட் சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது. டெக்சாஸ்ல ஃபேன்னி ஷான்னு ஒரு அம்மா, 1930-லேர்ந்து 32 வரைக்கும் தச்சது, டாலஸ் கலை அருங்காட்சியகத்துல இருக்கு. பொருளாதாரம் படுத்த படுக்கையா கெடந்தப்போ ஜனாதிபதி ஹூவர் சொன்னதா எல்லார் வாயிலயும் இருந்த பேச்சு, செழிப்பு இதோ தெருமுனைலதான் நிக்குதுன்னு. இந்தம்மா அத அப்படியே எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு ஆள், தொழிலாளி, விவசாயி, வீட்டுப் பொம்பளன்னு ஆளாளுக்கு தெருமுனைய எட்டிப் பாத்துட்டு நிக்கிறாங்க, எங்கய்யா செழிப்புன்னு. யானை, கழுதைன்னு ரெண்டு கட்சி சின்னமும் உண்டு. கடைசி கட்டத்துலதான் அங்கிள் சாம், அதாவது அமெரிக்க அரசோட கார்ட்டூன் உருவம், உதவிய தூக்கிட்டு வர்றார். தலைவர் முகம் இல்லாமலே தலைவர வாங்கு வாங்குன்னு வாங்கின க்வில்ட். கார்ட்டூன் போட பத்திரிகை இல்ல அந்தம்மாவுக்கு, துணி இருந்துச்சு.

நீங்க சந்தேகப்படுறதுக்கு தோதா ஒரு கதையும் இருக்கு, அதையும் மறைக்க வேணாம். 1933 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு சியர்ஸ் ஒரு க்வில்ட் போட்டி வச்சாங்க, கிட்டத்தட்ட 25,000 க்வில்ட் வந்து குமிஞ்சுது, முதல் பரிசு 1,000 டாலர், அந்தப் பஞ்ச காலத்துல அது எவ்வளவு பெரிய காசு. ஜெயிச்ச க்வில்ட்ட ஜனாதிபதி மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு குடுத்தாங்க. பிற்பாடு பாத்தா பரிசு வாங்கின அம்மா அதுல ஒரு தையல் கூட போடல, கூலிக்கு ஆள் வச்சு தச்சது, தச்ச பொண்ணுங்களுக்கு பரிசுல பங்கும் இல்ல. அதனால துணின்னாலே புனிதம்னு நானும் சொல்ல வரல.

காரைக்குடி_ராம்:

ட்ரோன் க்வில்ட் விஷயம் எனக்கு புதுசு, தேடிப் பாக்குறேன். ஆனா என் கேள்வி நிக்குது. கமிட்டி ஒருத்தருக்கு கதவத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்.

அட்லாண்டா_அண்ணாச்சி:

திறக்கட்டுமே. நல்லா தச்சிருந்தா மாட்டுங்க, தையல் மோசமா இருந்தா மாட்டாதீங்க. ட்ரம்ப் க்வில்ட்டுன்னாலும் மூல முடிச்சு ஒழுங்கா வந்திருக்கான்னு பாக்க அங்க நூறு பாட்டி இருப்பாங்க 😀

ஊசிமுனை:

அரசியல் பேசுறவங்க பேசுங்க, நான் முகத்துக்கு வர்றேன். ஆட்டோமேட்டிக் மெஷின்ல போர்ட்ரெய்ட் தச்சு பழக்கம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் நூல்கண்டு அக்கா.

முதல்ல போட்டோ. ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் விழுந்த படமா எடுங்க, நேரா ஃப்ளாஷ் அடிச்ச படம் வேலைக்கே ஆகாது, முகம் தட்டையா போயிடும். அத ஃபோன்லயே கருப்பு வெள்ளையாக்கி, போஸ்டரைஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல அஞ்சு இல்ல ஆறு ஷேடா குறைங்க. இப்ப முகம் தீவு தீவா பிரிஞ்சு நிக்கும். அத நீங்க தைக்கப் போற சைஸுக்கு பெருசா பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு தீவுக்கும் நம்பர் போடுங்க. தனித்தனியா வெட்டி வச்சா ஒவ்வொண்ணும் பிஞ்ச தோசை மாதிரிதான் கெடக்கும், இதுல எங்க முகம் வரப்போகுதுன்னு பயந்துடாதீங்க.

அந்தம்மா க்வில்ட்ல தோல் கலரே இல்லன்னு சொன்னீங்களே, சூட்சுமமே அதுதான். கண்ணு முகத்தக் கண்டுபிடிக்கிறது கலர வச்சு இல்ல, எது இருட்டு எது வெளிச்சங்குறத வச்சு. ஊதாவா பச்சையாங்குறது பிரச்சனையே இல்ல, அந்த ஊதா அந்த அரக்க விட எவ்வளவு கருப்புங்குறதுதான் முக்கியம். துணிய எல்லாம் வரிசையா அடுக்கி ஃபோன்ல கருப்பு வெள்ளைல ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, எது தப்பான இடத்துல இருக்குன்னு உடனே தெரிஞ்சிடும். கண்ணுக்கு பளிச்சுன்னு தெரியுற செவப்பு பல சமயம் போட்டோல கன்னங்கரேல்னு இருக்கும். பீசா பட்லர்னு ஒருத்தங்க இப்ப இதுல உச்சத்துல இருக்காங்க, ஆளுயர முகம் எல்லாம் கத்திரிப்பூ, நீலம், ஆரஞ்சுன்னு ஆப்பிரிக்க மெழுகு அச்சுத் துணில தைப்பாங்க. அடிமைத்தனத்த எதிர்த்துப் பேசின ஃப்ரெடரிக் டக்ளஸ 2020-ல தச்சாங்க, கென்யாவோட சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய தச்சது டைம் பத்திரிகை அட்டைலயே வந்துச்சு. போட்டோவ தேடி, பெருசு பண்ணி, கன்னத்த மட்டும் பாருங்க, எத்தன துண்டுன்னு.

அடுத்து ஒட்டு. சட்டைக் காலருக்குள்ள டெய்லர் வச்சு அயர்ன் பண்ணுற கேன்வாஸ் தெரியும்ல, அது ஒரு பக்கம் ஒட்டும். இதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுற ஃப்யூசிபிள் வெப் கிடைக்கும், பேப்பரோட வரும். பேப்பர் பக்கம்தான் வரையணும், அதனால படத்த இடவலமா திருப்பி வரைஞ்சா தான் தைக்கும்போது நேரா வரும். இத மறந்தா ஒபாமாவுக்கு மூக்கு ஓரத்து மச்சம் அந்தப் பக்கம் போயிடும், எல்லாரும் கண்டுபிடிச்சுடுவாங்க. மச்சத்த துணில வெட்டாதீங்க, ரெண்டு இழை நூல்ல ஒரு முடிச்சுத் தையல் போதும்.

ஒட்டும்போது வெளிர் துணி அடில, இருட்டு மேல. ஒரு துண்டோட ஓரம் பக்கத்துத் துண்டுக்கு அடில கால் அங்குலம் போற மாதிரி விட்டு வெட்டுங்க, இல்லன்னா நடுவுல வெள்ளை கீறல் தெரியும்.

கண்ணு. இதுலதான் பாதிப் பேரு கோட்ட விடுறது. வெள்ளை விழிக்கு பளீர் வெள்ளை வைக்காதீங்க, பயந்து முழிக்கிற முகமா ஆயிடும். சாம்பல் கலந்த பழுப்பு, இல்ல டீ டிகாஷன்ல முக்கி எடுத்த காடாத் துணி. பளீர் வெள்ளை ஒரே ஒரு இடத்துல, கருவிழில வெளிச்சம் படுற அந்த பொட்டுல மட்டும், அதுவும் ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கமா. மேல் இமைக்கு கருப்பு நூல்ல அடுத்தடுத்து மூணு நாலு வரி ஓட்டுங்க, கீழ் இமைக்கு வேணவே வேணாம்.

கடைசில தையல். மெஷின் அடில துணிய தள்ளுற பல்ல எறக்கிட்டு, டார்னிங் பாதம் மாட்டி, துணிய கையால நகத்தி தைக்கணும். கன்னத்துல கோடு கன்னத்தோட வளைவுலயே போகணும், நெத்தில குறுக்க, மூக்குல மேலேர்ந்து கீழ. நேர்க்கோடா முகம் பூரா ஓட்டிட்டீங்கன்னா ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி நிக்கிறவர் ஆயிடுவார், தலைவருக்கு அது வேற அர்த்தம் குடுக்கும். முகத்துல ரொம்ப நெருக்கமா தச்சுட்டு பின்னணில தளர்வா விட்டா ஓரம் அலை அலையா சுருங்கும், அதனால பின்னணிலயும் அதே அளவுக்கு தையல் விழணும். இத மட்டும் எழுதி ஒட்டி வச்சுக்கோங்க.

சித்ரா_சான்ஹோசே:

ஊசிமுனை, இத தனி பதிவா போடுங்க ப்ளீஸ். நான் எங்க மாமியார் முகத்த தச்சு பாக்கப் போறேன்.

லாயர்_வாணி:

ஒரு எச்சரிக்கை. நெட்ல கெடைக்கிற படத்த எடுத்து தச்சு வீட்ல மாட்டினா யாரும் கேக்கப் போறதில்ல, ஷோ, விற்பனை, பேட்டர்ன்னு போனா காப்புரிமை வரும். ஒபாமா விஷயத்துலயே பெரிய வழக்கு நடந்துச்சு. 2008-ல ஷெப்பர்ட் ஃபேரி போட்ட அந்த செவப்பு நீல ஹோப் போஸ்டர், 2006-ல ஏபி செய்தி நிறுவனத்துக்காக எடுத்த ஒரு போட்டோவ வச்சு வரைஞ்சது, ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போயி 2011-ல சமாதானமா முடிச்சாங்க. அந்தப் போஸ்டர அப்படியே துணில வெட்டி ஒட்டுனா போஸ்டர்காரர் ஒரு பக்கம் போட்டோக்காரர் ஒரு பக்கம்னு ரெண்டு உரிமை. அமெரிக்க அரசு ஊழியர் அரசு வேலையா எடுத்த படத்துக்கு பொதுவா அந்நாட்டுல காப்புரிமை கிடையாது, அதுலேர்ந்து எடுக்குறது பத்திரம். ஒவ்வொரு படத்துக்கும் கீழ என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாத்துக்கோங்க.

பழையபெட்டி:

நூல்கண்டு, கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி உங்க லைப்ரரிலயே ஒண்ணு கேட்டுப் பாருங்க. கரோலின் மஸ்லூமின்னு ஒருத்தங்க, விமானப் பொறியியல் படிச்சவங்க, 1985-ல கருப்பினப் பெண்கள் உள்ளிட்ட க்வில்ட்காரங்களுக்காக விமன் ஆஃப் கலர் க்வில்டர்ஸ் நெட்வொர்க் ஆரம்பிச்சவங்க, அவங்களும் ஒஹாயோதான். ஒபாமாவ வச்சு நாடு பூரா தச்ச க்வில்ட்டுகள திரட்டி கண்காட்சியாவும் 2010-ல புத்தகமாவும் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடியே 2009 பதவியேற்பு சமயத்துல வாஷிங்டன்ல ரோலண்ட் ஃப்ரீமன்ங்குற போட்டோகிராஃபர் ஒபாமா க்வில்ட் கண்காட்சி ஒண்ணு நடத்தினார். மண்டேலா 2013 டிசம்பர்ல போனதுக்கு அப்புறம் இதே மஸ்லூமியும் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டி மியூசியமும் சேந்து, அமெரிக்காவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் தச்ச மண்டேலா க்வில்ட்டுகள 2014-ல ஜோகன்னஸ்பர்க்ல வச்சாங்க. 2014-ல மஸ்லூமிக்கு அமெரிக்க அரசோட நேஷனல் ஹெரிட்டேஜ் ஃபெலோஷிப்பும் கெடச்சுது. புத்தகத்த கமிட்டி மேசைல வைங்க, பேச்சு பாதி குறையும்.

நூல்கண்டு_ஒஹாயோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல.

அண்ணாச்சி கேட்டதுக்காகவே அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணி யார் போட்டோன்னு கேட்டேன். அவங்க அப்பா மிசிசிப்பிலேர்ந்து ரயிலேறி வந்து இங்க ஃபேக்டரில வேல பாத்தவராம், ஓட்டுப் போடுற நாள் கோட்டு போட்டுக்கிட்டுத்தான் போவாராம், அந்தக் கோட்டோட நிக்கிற படம். ஒரு அத்தை ஸ்கூல் டீச்சர். இன்னும் ரெண்டு பேரு 2008-க்கு கொஞ்சம் முன்னாடி தவறிட்டாங்களாம், "அவங்க பாக்கல, அதனால பக்கத்துல வச்சேன்"னு ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு, ஓரத்துல இருக்குற கங்கா துணி எங்க கெடச்சுதுன்னு உற்சாகமா கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மருமக கென்யா போயிருந்தப்போ வாங்கிட்டு வந்ததாம், 'ஹொங்கேரா பராக் ஒபாமா'ன்னு, அதாவது வாழ்த்துக்கள்னு, துணிலயே அச்சடிச்சு அப்போ வித்திருக்காங்க. பாதிய க்வில்ட்டுக்கு வெட்டிட்டு பாதிய இன்னும் வச்சிருக்காங்களாம்.

கமிட்டி மேல அவங்களுக்கு பெருசா கோவம் இல்ல, இதே மாதிரி எத்தனையோ பாத்தாச்சுன்னாங்க. ஆனா நான் பேசுறதுல ஆட்சேபணை இல்லையாம், "பேசு, ஆனா எனக்காக பேசாத, அடுத்து கொண்டு வரப்போற ஆளுக்காக பேசு"ன்னாங்க. ராம் அண்ணே உங்க கேள்வியையும் சேத்தே கேக்கப் போறேன், வச்சா எல்லாருக்கும் ஒரே விதி வைக்கட்டும்னு. அண்ணாச்சி சொன்ன மாதிரி தையல பாத்து எடுக்கட்டும்.

ஊசிமுனை, ஒரு சந்தேகம். ஒட்டின துணி நாலஞ்சு அடுக்கு சேந்த இடத்துல, அந்த மூக்கு ஓரம், ஊசி பிசின் ஒட்டி நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. பழைய துண்டுல ட்ரை பண்ணி பாத்துட்டு கேக்குறேன். என்ன ஊசி போடணும்?

ஊசிமுனை:

அந்த இடத்துல அடில போற துணிய முழுசா விடாதீங்க, பின் பக்கத்துலேர்ந்து கால் அங்குலம் விட்டு மிச்சத்த வெட்டி எடுத்துடுங்க, அடுக்கு ரெண்டா குறைஞ்சிடும். ஊசி டாப்ஸ்டிட்ச் 90 போடுங்க, காது பெருசு, நூல் உரசாது. பிசின் ஒட்டினா ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ஊசியத் துடைங்க, அயர்ன் பண்ண உடனே தைக்காம துணி நல்லா ஆறினதுக்கப்புறம் தைங்க. அப்பவும் அறுந்தா மேல் டென்ஷன ஒரு நம்பர் குறைச்சுப் பாருங்க.